கடலைக் கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டு வந்தவர்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



பிலிப் ஹென்றி கோஸ். இந்தப் பேரை ஹாஸ்டலில் சொன்னதும் எல்லாருக்கும் முட்டைகோஸ்தான் ஞாபகம் வந்தது. சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள். உலகத்தில் எந்த ஊரில் மீன் காட்சியகம் இருந்தாலும் சரி, அங்கே அப்பா தோளில் உட்கார்ந்து ஒரு குழந்தை கண்ணாடிக்குப் பின்னால் நீந்தும் மீனைப் பார்த்து வாயைப் பிளந்தாலும் சரி, அதற்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் இந்த மனிதர். அக்வேரியம் என்ற சொல்லை இன்றைய அர்த்தத்தில் ஊரெங்கும் பரப்பியவரும் இவரே. அதே சமயம், தான் உயிராய் நேசித்த கடற்கரை தன் புத்தகங்களாலேயே பாழானதைப் பார்த்து நொந்தவரும் இவரே! இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இவர் கதை முழுசாகும்.

1810 ஏப்ரல் 6-ஆம் தேதி இங்கிலாந்தில் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தாமஸ் கோஸ் ஓவியர். ஓவியர் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் ஊராகச் சுற்றி, கேட்டவர்களுக்கு உள்ளங்கை அகலத்தில் முகப்படம் வரைந்து கொடுத்துக் காசு வாங்கியவர். போட்டோ வராத காலம் அது. அம்மா ஹன்னா கல்யாணத்துக்கு முன்னால் பெரிய வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். நான்கு பிள்ளைகள். இந்த மாதம் வருமானம் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத வீடு.

குடும்பம் பூல் என்ற துறைமுக ஊரில் குடியேறியது. பையன் கடலைப் பார்த்தே வளர்ந்தான். அங்கே அவனுக்கு ஓர் அத்தை இருந்தார். புழு எப்படிப் பூச்சியாக உருமாறுகிறது என்பதையும், பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடல் சாமந்தி என்பது என்ன என்பதையும் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கடல் சாமந்தி பார்க்கப் பூ மாதிரி இருக்கும். ஆனால் பூ இல்லை, உயிருள்ள பிராணி. இதழ் மாதிரித் தெரிவதெல்லாம் இரை பிடிக்கிற கைகள்! அத்தையிடம் இந்த ஆசை வந்தது. அப்பாவிடமிருந்து புள்ளி புள்ளியாக வைத்து மிக நுணுக்கமாகப் படம் வரையும் வித்தை வந்தது. இந்த இரண்டும்தான் அவருக்குக் கிடைத்த சொத்து.

15 வயதில் படிப்பு நின்றது. உள்ளூர்க் கம்பெனியில் குமாஸ்தா வேலை. 17 வயதில் கப்பலேற்றி அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். நியூஃபவுண்ட்லாந்து தீவில் கார்போனியர் என்ற சின்னத் துறைமுகம். காட் மீனும் சீல் தோலும்தான் அந்த ஊரின் பிழைப்பு. அங்கே எட்டு வருஷம் பேரேடு எழுதினார்.

1832-ல் அந்த ஊரில் நடந்த ஏலத்தில் மைக்ராஸ்கோப் பற்றிய பழைய புத்தகம் ஒன்றை வாங்கினார். அன்றிலிருந்து ஆள் மாறிவிட்டார். வேலை முடிந்ததும் பூச்சி பிடிப்பது, வளர்ப்பது, வரைவது. அந்தத் தீவின் பூச்சிகளைப் பற்றி அதுவரை யாரும் ஒழுங்காக ஆராய்ந்ததில்லை. கேட்பதற்கு வாத்தியார் இல்லை. லைப்ரரியும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான் என்பதால், இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாதவன் எப்படிக் கற்றுக்கொள்கிறான் என்பது எனக்குத் தெரியும். கையில் ஒரே ஒரு புத்தகம், மனசில் ஒரு சந்தேகம், மறுபடியும் அதே புத்தகத்தின் அதே பக்கம். அப்படித்தான் அவரும் கற்றார். அந்தத் தீவின் பூச்சிகளைப் பற்றி ஒரு புத்தகமே வரைந்து எழுதி வைத்தார். அவர் காலத்தில் அது அச்சேறவில்லை.

1835-ல் கனடாவில் காம்ப்டன் என்ற இடத்தில் நிலம் வாங்கி விவசாயம் செய்யப் போனார். மூன்று வருஷத்தில் கையிலிருந்ததெல்லாம் கரைந்தது. வண்ணத்துப்பூச்சி பார்க்கப் போகிறவன் உருளைக்கிழங்கு எங்கே விளைவிப்பான் என்று ஊரில் பேசியிருப்பார்கள், நம்ம ஊராயிருந்தால் நிச்சயம் பேசியிருப்பார்கள்! 1838-ல் அமெரிக்காவின் அலபாமாவுக்குப் போய்ப் பருத்தித் தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். காடும் பூச்சிகளும் பிடித்திருந்தன. ஆனால் அங்கே அடிமைகளை நடத்திய விதத்தைப் பார்க்க அவர் மனசு இடம் கொடுக்கவில்லை. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கிளம்பிவிட்டார்.

1839-ல் ஊர் திரும்பும் கப்பலிலேயே கனடாவின் இயற்கையைப் பற்றி ஒரு புத்தகத்தை எழுதினார். இங்கிலாந்தில் இறங்கியபோது வயது 28. வேலை இல்லை, பட்டம் இல்லை, தெரிந்தவர் என்று சொல்ல அதிகம் பேர் இல்லை. சாப்பாட்டுக்கு ஒரு சின்ன மீனை வாங்கி, அது சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று மெல்ல மெல்லத் தின்ற நாட்கள் உண்டு என்று அவருடைய மகன் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த நிலையில்தான் வான் வூர்ஸ்ட் என்ற பதிப்பாளர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நல்ல தொகையும் கொடுத்தார். 1840-ல் அது வெளிவந்தது. குமாஸ்தா எழுத்தாளர் ஆனார்.

1844-ல் ஜமைக்கா தீவுக்குப் போனார். ஒன்றரை வருஷத்துக்கு மேல் அங்கே பறவைகளை ஆராய்ந்தார். அந்தத் தீவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹில் என்ற மாஜிஸ்திரேட் பறவைகளைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொடுத்தார். சாமுவேல் கேம்பெல் என்ற கறுப்பின இளைஞர் கூடவே இருந்து உதவினார். 1847-ல் ஜமைக்காவின் பறவைகள் பற்றிய புத்தகம் வந்தபோது, ஹில்லின் உதவியை முகப்புப் பக்கத்திலேயே அச்சிட்டார். உதவியவன் பெயரை மறைக்கிற வழக்கம் இவரிடம் இல்லை.

1848-ல் எமிலி போவ்ஸ் என்பவரை மணந்தார். 1849-ல் மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைய டைரியில் மனைவிக்குப் பிள்ளை பிறந்ததையும் ஜமைக்காவிலிருந்து பச்சைத் தகைவிலான் குருவி ஒன்று வந்து சேர்ந்ததையும் அடுத்தடுத்து எழுதி வைத்தாராம். எந்தச் செய்தி அவருக்குப் பெரிய செய்தி என்று மகன் பிற்காலத்தில் கிண்டல் செய்ய இடம் கிடைத்துவிட்டது!

இனிமேல்தான் நம்ம விஷயம் வருகிறது.

ஓயாமல் எழுதியதில் உடம்பு கெட்டது. தலைவலி. 1852-ல் டாக்டர் சொன்னபடி குடும்பத்தோடு டெவன் மாவட்டக் கடற்கரைக்குப் போனார். அங்கே அலை இறங்கியதும் பாறைகளுக்கு நடுவே பாறைக் குட்டைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் கடல் சாமந்தி, நண்டு, இறால், சின்ன மீன், சிவப்பும் பச்சையுமாகக் கடல் பாசி. முட்டியளவு தண்ணீரில் நின்று உளியும் சுத்தியலுமாக அவர் பாறையைச் செதுக்கி உயிரோடு எடுப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து பாத்திரத்தில் கடல் தண்ணீர் ஊற்றி வைத்தால், ஒன்றிரண்டு நாளில் நாற்றமடித்துச் செத்துப்போகும். தினமும் தண்ணீர் மாற்றவும் முடியாது. கடல் இல்லாத லண்டன்காரன் என்ன செய்வான்?

இதற்கு விடை அறிவியலில் தயாராகிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் இருக்கும் பிராணி மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். தண்ணீரில் கரைந்திருப்பது கொஞ்சம்தான். அது தீர்ந்ததும் பிராணி செத்துவிடும். ஆனால் தாவரம் வெளிச்சத்தில் ஆக்சிஜனை வெளியிடும், பிராணி விடும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். அப்படியானால் இரண்டையும் ஒரே தொட்டியில் சரியான அளவில் வைத்தால் என்ன? லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் நல்ல தண்ணீரில் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் வைத்து இதை நிரூபித்து 1850-ல் அறிவித்திருந்தார். அழுகும் இலையைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்வது நத்தையின் டூட்டி! கடல் தண்ணீரில் இதையே வாரிங்டனும் கோஸும் தனித்தனியாகச் செய்து பார்த்தார்கள். அவர்களுக்கும் முன்னால், சிசிலித் தீவில் ஜான் வில்பிரே பவர் என்ற பெண்மணி 1830-களிலேயே கண்ணாடித் தொட்டியில் கடல் உயிர்களை வைத்து ஆராய்ந்திருக்கிறார். ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகள் அவர். அவர் கதையைத் தனியாக எழுதவேண்டும்.

கோஸ் பாறைத் துண்டோடு ஒட்டியிருந்த பாசியை அப்படியே தொட்டியில் வைத்தார். வெளிச்சம் படும்படி ஜன்னல் பக்கம் வைத்தார். தண்ணீர் மாற்றாமலே வாரக்கணக்கில் உயிர்கள் வாழ்ந்தன. கடல் இல்லாத ஊருக்காக உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல் தண்ணீரும் தயாரித்தார். சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என்று நான்கே சரக்கு. நம்ம கெமிஸ்ட்ரி லேபில் இருக்கும் பாட்டில்கள்தான், போய்ப் பாருங்கள்.

லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலைக்காரர்கள் விடவில்லை. இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாக ஒரு கட்டடம் கட்டினார்கள். மீன் வீடு என்று பேர். அதற்கு வேண்டிய கடல் உயிர்களைப் பிடித்து ரயிலேற்றி அனுப்பும் பொறுப்பில் கோஸுக்குப் பெரிய பங்கு இருந்தது. 1853 மே மாதம் மக்களுக்குத் திறந்தார்கள். உலகத்தின் முதல் பொது மீன் காட்சியகம் அதுதான். கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். அதுவரை சாதாரண ஜனங்களுக்கு மீன் என்றால் சந்தையில் கூடையில் செத்துக் கிடப்பது. கடல் என்றால் மேலே தெரியும் அலை. உள்ளே என்ன நடக்கிறது என்பது முத்துக் குளிப்பவருக்கும் மூழ்கியவனுக்கும்தான் தெரியும். அன்றைக்கு அம்மாவும் அப்பாவும் பிள்ளைகளும் ஆடை நனையாமல் நின்று, நண்டு நடப்பதையும் கடல் சாமந்தி விரிவதையும் நேருக்கு நேர் பார்த்தார்கள்.

1854-ல் கோஸ் எழுதிய புத்தகத்தின் பெயரே அக்வேரியம்தான். அவரே வரைந்த வண்ணப்படங்களோடு வந்தது. விற்றுத் தீர்ந்தது! 1845-ல் இங்கிலாந்தில் கண்ணாடி வரியை எடுத்துவிட்டதால் கண்ணாடி மலிவாகியிருந்தது. ரயிலும் கடற்கரைகளுக்குப் போக ஆரம்பித்திருந்தது. இரண்டும் சேர்ந்துகொள்ள, வசதியுள்ள வீட்டு வரவேற்பறைகளில் எல்லாம் கண்ணாடித் தொட்டி ஒரு நாகரிகமாகிவிட்டது. 1855-ல் இல்ஃப்ரகூம் என்ற ஊரில் ஆண்களையும் பெண்களையும் கூட்டிப்போய் கடற்கரையிலேயே வகுப்பு நடத்தினார். பாவாடை நனைய நனையப் பாறை ஏறிய அந்தக் காலப் பெண்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. 1856-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 15 வயதில் பள்ளியை விட்ட குமாஸ்தா!

ஆனால் நடந்தது என்ன? புத்தகம் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கூடை, வாளி, உளி, சுத்தியல் சகிதம் ரயிலேறினார்கள். கோஸ் எந்தக் கடற்கரையில் எந்தப் பாறையில் எது கிடைக்கும் என்று அன்போடு எழுதியிருந்தாரோ, அங்கேயே போய் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம்தான் எடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு கடல் சாமந்தி, நான்கு நண்டு. எடுத்தவற்றில் பெரும்பாலானவை வீட்டுத் தொட்டியில் சில நாளில் செத்தன. செத்ததும் மறுபடி எடுக்க ஆள் வந்தார்கள். இதற்கென்றே பிடித்து விற்கும் வியாபாரிகளும் கிளம்பினார்கள். ஆண்டாண்டு காலமாக மனிதன் கைபடாமல் இருந்த பாறைக் குட்டைகள் சில வருஷங்களில் வெறுமையாகிவிட்டன.

சின்ன வயதில் அப்பா பின்னாலேயே அந்தப் பாறைகளில் தாவித் திரிந்த மகன் எட்மண்ட், 1907-ல் எழுதிய சுயசரிதையில் இதைச் சொல்லி வருந்துகிறார். தான் பார்த்த அந்தக் கடற்கரையை இனி யாரும் பார்க்க முடியாது என்பதும், தன் புத்தகங்கள்தான் கூட்டத்தைக் கூட்டி வந்தன என்று அப்பா மனம் நொந்தார் என்பதும் அந்தப் பக்கங்களின் சாரம். கோஸ் மேல் பழி போடலாமா? எனக்கு மனசு வரவில்லை. பாறையை உளியால் பெயர்த்து வழி காட்டியவர் அவர்தான், அதை மறைக்கவும் முடியாது. ஆனால் ஒன்று, கடலில் எடுக்க எடுக்கக் குறையாது என்றுதான் அந்தக் காலத்தில் படித்தவர்களும் நம்பினார்கள். குறையும் என்பதைத் தன் கண்ணெதிரே பார்த்த ஆரம்பகால மனிதர்களில் ஒருவராக அவர் ஆகிப்போனார்.

1857 பிப்ரவரியில் மனைவி எமிலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். கொடுமையான வைத்தியம், கொடுமையான வேதனை. அதே வருஷம், பூமியின் வயதையும் பைபிளையும் இணைக்கப் பார்த்து ஒரு புத்தகம் எழுதினார். உலகம் படைக்கப்பட்டபோதே பழசாகத் தெரியும்படி படைக்கப்பட்டது என்பது அவர் வாதம். விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை, மதவாதிகளும் ஏற்கவில்லை. எனக்கும் அந்த வாதம் ஒட்டவில்லை. அவருடைய மற்ற உழைப்பையெல்லாம் மறந்துவிட்டு இந்த ஒன்றை வைத்தே அவரைக் கேலி செய்வதும் நியாயமாகப் படவில்லை.

மகனோடு டெவனுக்கே திரும்பி, செயின்ட் மேரிசர்ச் என்ற ஊரில் கடைசிவரை வாழ்ந்தார். 1858 முதல் 1860 வரை பிரிட்டனின் கடல் சாமந்திகளையும் பவளங்களையும் பற்றிப் பகுதி பகுதியாகப் பெரிய நூலை வெளியிட்டார். புள்ளி புள்ளியாக அப்பா சொல்லிக் கொடுத்த அதே கை அந்தப் படங்களில் தெரியும். 1860-ல் எலைசா பிரைட்வென் என்பவரை மணந்தார். 76 வயதில்கூட ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத நீர்வாழ் உயிர்களைப் பற்றி ஹட்சன் என்பவரோடு சேர்ந்து நூல் வெளியிட்டார். 1888 ஆகஸ்ட் 23-ஆம் தேதி காலமானார்.

அவர் போட்ட விதை என்னவாயிற்று? மெக்கானிக்கல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். பாசியும் பிராணியும் சமமாக இருந்தால் போதும் என்ற கணக்கு சின்னத் தொட்டிக்குச் சரி. பெரிய காட்சியகத்துக்குப் போதவில்லை. பாசி மண்டும், தண்ணீர் கலங்கும், மீன் சாகும். அதற்கு வழி கண்டவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். கோஸின் காலத்தில் லண்டனில் மீன் தொட்டிக் கடை வைத்திருந்தவர். காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருட்டு நீர்த்தேக்கத்தைக் கீழே கட்டி, தண்ணீரை இரவு பகலாகப் பம்ப் வைத்துச் சுழலவிட்டார். சுழலும்போது காற்று கலக்கும், இருட்டில் பாசி வளராது, வெப்பமும் ஏறாது. 1864-ல் ஜெர்மனியின் ஹாம்பர்கிலும் 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் அவர் அமைத்த காட்சியகங்கள் இப்படி ஓடின. கடல் மீனைக் காப்பாற்றியது கடைசியில் பம்ப்தான், நண்பர்களே!

அதன்பிறகு பிரைட்டன், நேப்பிள்ஸ் என்று பல ஊர்களில் காட்சியகங்கள் வந்தன. நம்ம மெட்ராஸ் மெரினாவிலும் 1909-ல் ஒன்று திறந்தார்கள். ஜனங்கள் அலைமோதிய இடம் அது; 1942-ல் யுத்த சமயத்தில் மூடப்பட்டது.

நீண்ட காலம் இந்தக் காட்சியகங்கள் கடலிலிருந்து எடுக்கும் இடங்களாகவே இருந்தன. செத்தால் இன்னொன்று பிடித்து வந்தார்கள், கோஸ் காலத்து வரவேற்பறை மாதிரியே. மெல்ல மெல்லத்தான் திருப்பிக் கொடுக்கும் வேலை தொடங்கியது. அமெரிக்காவில் மான்டெரே விரிகுடாக் காட்சியகம் 1984-ல் பழைய மத்தி மீன் டப்பாத் தொழிற்சாலை இருந்த இடத்தில் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் மத்தி குவிந்த கடற்கரை அது. குவிந்தது போய், தொழிற்சாலைகளும் மூடிய பிறகு வந்த காட்சியகம். அங்கே தாயை இழந்த கடல் நீர்நாய்க் குட்டிகளை வளர்ப்புத் தாய் நீர்நாயிடம் விட்டு, நண்டு உடைக்கவும் முங்கி இரை தேடவும் பழக்கி, மறுபடி கடலில் விடுகிறார்கள். குட்டியை வளர்க்கும் ஆட்கள் முகத்தையும் உருவத்தையும் மறைத்துக்கொண்டுதான் கிட்டே போவார்கள். மனிதனைப் பார்த்துப் பழகிவிட்டால் கடலில் பிழைக்காதாம்.

லண்டனில் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஒரு சின்னக் காட்சியகம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் குடும்பங்களும் வந்து போகிற இடம். அங்கே பவளங்களைத் தொட்டிக்குள்ளேயே முட்டையிட வைக்கும் முயற்சியை 2012-ல் தொடங்கினார்கள். பவளம் லேசில் முட்டையிடாது. வருஷத்தில் சில இரவுகள்தான், அதுவும் கடலின் சூடு, பகலின் நீளம், நிலாவின் அளவு எல்லாம் பொருந்தினால்தான். ஆகவே தொட்டிக்கு மேல் செயற்கைச் சூரியனும் செயற்கை நிலாவும் வைத்து, கம்ப்யூட்டர் மூலம் வளர்பிறை தேய்பிறை காட்டினார்கள். எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்கள் கவனிக்க! அமெரிக்காவின் ஃப்ளோரிடா அருகே தூண் பவளம் என்ற இனம் நோயால் கிட்டத்தட்ட அழிந்துபோனது. மிச்சமிருந்ததை எடுத்து வைத்துக் காத்தவற்றில் அந்த மாநிலத்துக் காட்சியகமும் ஒன்று. ஹார்னிமன்காரர்களின் முறையை வைத்து, 2019 ஆகஸ்டில் அங்கே ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் தூண் பவளம் முட்டையிட்டது. அட்லாண்டிக் பவளம் ஒன்றை இப்படித் தூண்டி முட்டையிட வைத்தது அதுவே முதல் முறை. அந்தக் குஞ்சுகளை வளர்த்துக் கடலடிப் பாறையில் திரும்ப நட வேண்டும் என்பதுதான் அவர்கள் திட்டம். பவளம் கடல் சாமந்தியின் பங்காளி. பூல் துறைமுகத்தில் அத்தை காட்டிக் கொடுத்தாரே, அதே வம்சம்.